மெட்ரிக் இசைக்குழுவும் ‘சுயாதீனம்’ என்ற சொல்லும்: ஒரு பாட்டின் ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம்?

கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையமான சி.ஆர்.டி.சி., 2024 ஜூனில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. கனடாவில் ஆண்டுக்கு 2.5 கோடி டாலருக்கு மேல் வருவாய் பார்க்கும் இணைய இசை, காணொளிச் சேவைகள், உள்நாட்டு ஒலிபரப்பு நிறுவனம் எதையும் சேர்ந்தவையாக இல்லாவிட்டால், அந்த வருவாயில் 5 சதவீதத்தை உள்நாட்டுப் படைப்புகளை வளர்க்கும் நிதியங்களுக்குச் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள், அமேசான் போன்ற நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. அந்தப் பணத்தில் ஒரு பகுதி ‘சுயாதீன’ இசைக்குழுக்களுக்குப் போகும் என்று செய்திகளில் படித்தவர்களுக்கு நியாயமான ஒரு குழப்பம் எழுந்தது. பொது நிதியில் கைவைக்கும் குழு எப்படிச் சுயாதீனக் குழு ஆகும்?

இந்தக் கேள்விக்கு விடை காண டொராண்டோவைச் சேர்ந்த மெட்ரிக் என்ற ராக் இசைக்குழுவின் வரலாறு மிகவும் உதவும். ஒரு பதிவு நிறுவனத்தின் கையில் சிக்கித் தன் முதல் ஆல்பத்தையே ஆறு ஆண்டுகள் வெளியே கொண்டுவர முடியாமல் நின்ற குழு அது. பின்னர் நிறுவனமே வேண்டாம் என்று முடிவெடுத்து, சொந்தக் காலில் நின்று, அதுவரை காணாத வெற்றியை அடைந்த குழுவும் அதுவே. இடையில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பதற்கு முன் சில அடிப்படைகளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

## ஒரு பாட்டு, இரண்டு உரிமைகள்

இசைத்துறை வழக்குகள் பலவற்றில் வாசகர்கள் வழிதவறும் இடம் இது. பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனியான இரண்டு சொத்துகள் இருக்கின்றன.

1. பாடலின் உரிமை. மெட்டும் வரிகளும் இதில் அடங்கும். யார் பாடினாலும், எந்த மேடையில் பாடினாலும், இயற்றியவருக்கோ அவருடைய பதிப்பு நிறுவனத்துக்கோ பங்கு உண்டு. கனடாவில் பொது நிகழ்ச்சிகளுக்கும் வானொலிக்கும் இந்தத் தொகையை சோக்கன் என்ற அமைப்பு வசூலித்துப் பகிர்ந்தளிக்கிறது.

2. மாஸ்டரின் உரிமை. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான அந்த ஒலிக்கே உரிய சொத்து இது. அந்த ஒலியை விற்பதும் வாடகைக்கு விடுவதும் பூட்டி வைப்பதும் மாஸ்டர் யாருடையதோ அவர் விருப்பம்.

பதிவு நிறுவனத்தோடு செய்துகொள்ளும் வழக்கமான ஒப்பந்தத்தில் நிறுவனம் முன்பணம் கொடுக்கிறது. மாஸ்டர் அதன் பெயருக்குப் போய்விடுகிறது. ராயல்டி என்று சொல்லப்படும் கலைஞரின் பங்கில் இருந்து அந்த முன்பணம் முதலில் கழிக்கப்படும். கழிந்து முடியும்வரை கலைஞருக்கு ராயல்டி கிடையாது. கழிந்த பிறகும் மாஸ்டர் நிறுவனத்திடமே இருக்கும். வீட்டுக் கடனை வட்டியோடு அடைத்து முடித்த பிறகும் பத்திரம் வங்கியின் பெயரிலேயே தொடர்வது போன்ற ஏற்பாடு இது. இசைத்துறைக்கு வெளியே இருப்பவர்களால் இதை நம்பவே முடிவதில்லை.

‘சுயாதீனம்’ என்ற சொல்லுக்கு வணிகத்தில் உள்ள பொருள் இங்கேதான் பிறக்கிறது. மூன்று பெரும் பன்னாட்டு நிறுவனங்களான யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகியவற்றைச் சாராதிருப்பது அதன் தளர்வான பொருள். மாஸ்டரைத் தன் கையிலேயே வைத்திருப்பது அதன் இறுக்கமான பொருள். குறைந்த செலவில் பதிவு செய்வது, கரகரத்த கிட்டார் ஒலி, சிறிய அரங்குகள் என்று ‘சுயாதீன’ இசையின் ஆங்கிலச் சுருக்கமான ‘இண்டி’ என்ற சொல்லோடு ரசிகர்கள் சேர்த்து நினைப்பவை யாவும் பாணி சார்ந்தவை; கணக்குப் புத்தகத்தில் அவற்றுக்கு இடமில்லை.

## பெட்டிக்குள் கிடந்த ஆல்பம்

எமிலி ஹெய்ன்ஸும் ஜேம்ஸ் ஷாவும் 1998இல் டொராண்டோவில் இணைந்து தொடங்கிய குழு இது. முதலில் இருவர்தான். முதலில் வைத்த பெயர் ‘மெயின்ஸ்ட்ரீம்’. பின்னாளில் சுயாதீன இசையின் அடையாளமாகப் பேசப்பட்ட குழு இப்படி ஒரு பெயரில் தொடங்கியது விநோதம்தான். ஷா தன் கீபோர்டில் உருவாக்கிச் சேமித்திருந்த ஓர் ஒலியின் பெயர் அதன் சிறு திரையில் ‘மெட்ரிக்’ என்று ஒளிரும்; அதையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். பிறகு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜோஷுவா வின்ஸ்டெட் பேஸ் கிட்டாருக்கும் ஜூல்ஸ் ஸ்காட்-கீ டிரம்ஸுக்கும் வந்து சேர, குழு நால்வராயிற்று. பிந்தைய இருவரும் அமெரிக்கர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் அது தேவைப்படும்.

நால்வராவதற்கு முன்பே ‘க்ரோ அப் அண்ட் ப்ளோ அவே’ என்ற முதல் ஆல்பம் பதிவாகியிருந்தது. ரெஸ்ட்லெஸ் என்ற நிறுவனம் அதை 2001 வாக்கில் வெளியிடுவதாக இருந்தது. இந்த நேரத்தில் ரெஸ்ட்லெஸ் நிறுவனமே கைமாறி ரைக்கோடிஸ்க் வசம் போயிற்று. வாங்கியவர்களின் முன்னுரிமைகள் வேறு. முடிந்து தயாராயிருந்த ஆல்பம் அலமாரியில் தங்கியது.

இங்கே யாரையும் வில்லனாக்கத் தேவையில்லை. நிறுவனங்கள் கைமாறும்போது இப்படி நடப்பது வழக்கம். கவனிக்க வேண்டியது இதன் விளைவை. பாடல்களை எழுதியவர்கள் அவற்றை மேடையில் பாடலாம். பதிவான ஒலியை மட்டும் ஒரு பிரதிகூட விற்க முடியாது. குழுவோ இதற்குள் கீபோர்டும் மெல்லிய தாளமும் கொண்ட இருவர் இசையிலிருந்து கிட்டார் முழங்கும் நால்வர் இசைக்கு நகர்ந்துவிட்டது. ஆகவே 2003இல் எவர்லவிங் என்ற சிறிய நிறுவனத்தின் மூலம் வெளிவந்த ‘ஓல்டு வேர்ல்டு அண்டர்கிரவுண்ட், வேர் ஆர் யூ நவ்?’ என்ற ஆல்பமே உலகுக்கு அவர்களின் முதல் ஆல்பமாகத் தெரிந்தது. அலமாரியில் கிடந்ததை லாஸ்ட் கேங் என்ற கனடிய நிறுவனம் உரிமையை விலைகொடுத்து மீட்டு 2007இல் வெளியிட்டது. அப்போது சில பாடல்களை மாற்றி, வரிசையையும் மாற்றியிருந்தார்கள். ஆறு ஆண்டு தாமதித்து வந்த முதல் படைப்பு, கேட்பவர்களுக்கு ஒரு பழைய நிழற்படம்போல இருந்தது.

இந்த அனுபவம் இல்லாமல் 2009இன் முடிவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கணிப்பு.

## இடைப்பட்ட ஆண்டுகள்

2005இல் ‘லிவ் இட் அவுட்’ ஆல்பம் வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கு முன்னதாக மேடையேறும் வாய்ப்புக் கிடைத்தது. வகையையோ விற்பனையையோ பாராமல் ஆண்டின் சிறந்த கனடிய ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கும் போலாரிஸ் பரிசு 2006இல் தொடங்கியபோது, முதல் இறுதிப் பட்டியலிலேயே ‘லிவ் இட் அவுட்’ இடம்பெற்றது. அதே காலத்தில் டொராண்டோ இசைஞர்கள் பலர் கூடிய ப்ரோக்கன் சோஷியல் சீன் என்ற பெருங்குழுவிலும் ஹெய்ன்ஸின் குரல் ஒலித்தது. இவற்றால் பெயர் பரவியது. பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆல்பத்துக்காகக் கதவைத் தட்டின.

## 2009: கணக்கைத் தாங்களே எழுதிய ஆண்டு

‘ஃபேன்டசீஸ்’ ஆல்பத்தைக் குழு 2009 ஏப்ரலில் தானே வெளியிட்டது. கனடாவில் லாஸ்ட் கேங் துணை நின்றது. பிற நாடுகளில் மெட்ரிக் மியூசிக் இன்டர்நேஷனல் என்ற சொந்தப் பெயரில் வெளியீடு நடந்தது. விநியோகம், வானொலி நிலையங்களை அணுகுதல், செய்தித் தொடர்பு ஆகியவற்றுக்குத் தேவைக்கேற்ப ஆட்களையும் நிறுவனங்களையும் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். ஒரு பதிவு நிறுவனம் ஒரே கூரையின் கீழ் செய்யும் வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கிக்கொள்ளும் முறை இது.

இதனால் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. மெட்ரிக் குழுவின் உண்மைக் கணக்கு அல்ல.

ஓர் ஆல்பப் பிரதி விற்றால் கைக்கு வருவது 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பதிவுச் செலவு 90,000 டாலர். விளம்பரச் செலவும் அதே அளவு.

1. நிறுவன ஒப்பந்தம். பதிவுச் செலவு முன்பணமாகக் கிடைக்கிறது. விளம்பரச் செலவு நிறுவனத்துடையது. ராயல்டி 15 சதவீதம், அதாவது பிரதிக்கு 1.50 டாலர். முன்பணம் கழிய 60,000 பிரதிகள் விற்க வேண்டும். அதற்குள் நிறுவனத்தின் கல்லாவில் 6,00,000 டாலர் விழுந்திருக்கும். குழுவுக்கு ராயல்டியாக ஒரு காசு வந்திராது.

2. சொந்த வெளியீடு. விநியோகஸ்தர் 25 சதவீதம் எடுத்துக்கொள்கிறார். பிரதிக்கு 7.50 டாலர் குழுவுக்கு. இரண்டு செலவுகளும் சேர்ந்த 1,80,000 டாலரை மீட்க 24,000 பிரதிகள் போதும். 60,000 விற்றால் 2,70,000 டாலர் மிஞ்சும். மாஸ்டரும் குழுவினுடையதே.

3. தோற்றால்? 10,000 பிரதிகள் மட்டுமே விற்றதாகக் கொள்வோம். நிறுவன ஒப்பந்தத்தில் குழுவின் சட்டைப்பையிலிருந்து எதுவும் போகாது. மீதமுள்ள 75,000 டாலர் கணக்கில் எழுதப்பட்டுப் பெரும்பாலும் அடுத்த ஆல்பத்தின் தலையில் ஏறும். சொந்த வெளியீட்டில் 1,05,000 டாலர் நேரடி நட்டம்.

மூன்றாவது வரியைப் பெரும்பாலான கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. சுயாதீனத்தைப் புகழ்ந்து பேசுபவர்கள் வென்றவர்களின் கணக்கையே காட்டுவார்கள். பதிவு நிறுவனம் பெறும் பெரும்பங்கு, வெறும் பேராசையின் விலை மட்டும் ஆகாது. பத்துக் குழுக்களில் எட்டுத் தோற்றாலும் தாங்கிக்கொள்வதற்கான காப்பீட்டுத் தொகையும் அதில் கலந்திருக்கிறது. ஆகவே சொந்த வெளியீட்டில் இறங்குபவர், ஏற்கெனவே தனக்கு ஓரளவு கேட்போர் இருக்கிறார்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும். 2009இல் மெட்ரிக் குழுவுக்கு அது தெரிந்திருந்தது. பத்தாண்டு மேடை அனுபவமும் முந்தைய ஆல்பங்கள் சம்பாதித்த ரசிகர்களும் அதன் பின்னால் இருந்தனர். 2001இல் இதே முடிவை எடுத்திருந்தால் அநேகமாக மூழ்கியிருக்கும். அப்போது இணையவழி இசை விற்பனை தவழும் நிலையில்தான் இருந்தது. ஐடியூன்ஸ் கடை திறந்ததே 2003இல்தான்.

விளைவு தெரிந்ததே. இதயத் துடிப்பைப் போன்ற தாளத்தோடு தொடங்கும் ‘ஹெல்ப், ஐம் அலைவ்’ வானொலிகளில் இடம்பிடித்தது. கனடாவில் ஆல்பம் பிளாட்டினம் தகுதி பெற்றது. அப்போதைய அளவுகோலில் அதற்கு 80,000 பிரதிகள் தேவை. 2010இல் நாட்டின் முதன்மை இசை விருதான ஜூனோவில் ஆண்டின் சிறந்த குழு, சிறந்த ஆல்டர்னேட்டிவ் ஆல்பம் என இரண்டையும் பெற்றது.

## ஒரே கையெழுத்தில் முடியும் வேலை

மாஸ்டரைக் கையில் வைத்திருப்பதன் இன்னொரு பயன் திரைப்படங்களில் தெரிந்தது. ஒரு பாட்டைப் படத்தில் சேர்க்கத் தயாரிப்பாளர் பாடல் உரிமையாளரிடம் ஒன்றும் மாஸ்டர் உரிமையாளரிடம் ஒன்றுமாக இரண்டு அனுமதிகள் வாங்க வேண்டும். இருவரும் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு வழக்கறிஞர்களோடு இருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். படத்தொகுப்பு முடியும் தறுவாயில் இருப்பவர் அவ்வளவு காத்திருக்க மாட்டார். வேறு பாட்டுக்குப் போய்விடுவார். முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் வேலை விரைவாக முடியும்.

2010இல் வந்த ‘ட்வைலைட்’ வரிசையின் மூன்றாம் படத்துக்கு, இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோரோடு சேர்ந்து குழு ஒரு பாட்டு எழுதியது. அதே ஆண்டு டொராண்டோவிலேயே கதை நடக்கும் ‘ஸ்காட் பில்கிரிம் வெர்சஸ் தி வேர்ல்டு’ படத்தில் ‘பிளாக் ஷீப்’ என்ற அவர்களின் பாடல் இடம்பெற்றது. படத்தில் அதைப் பாடும் கற்பனைக் குழுவும் மெட்ரிக்கை முன்மாதிரியாகக் கொண்டதுதான். 2012இல் டேவிட் க்ரோனன்பெர்க்கின் ‘காஸ்மோபோலிஸ்’ படத்துக்கு மீண்டும் ஷோரோடு கைகோத்தார்கள். ஆல்பம் விற்பனை உலகெங்கும் சரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இத்தகைய வருவாய் ஒரு குழுவுக்கு முதுகெலும்பு.

## அரசு எங்கே வருகிறது?

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். கனடாவின் பெரும்பாலான மக்கள் அமெரிக்க எல்லையை ஒட்டியே வாழ்கிறார்கள். மொழியும் பெரும்பகுதி ஒன்றே. சந்தையை அதன் போக்கில் விட்டால் கனடிய வானொலிகள் அமெரிக்க இசையை மட்டுமே ஒலிபரப்பும் என்ற அச்சத்தில், 1971 முதல் உள்நாட்டு இசைக்கு ஒதுக்கீடு கட்டாயமாயிற்று. 1990களின் இறுதி முதல், வெகுசன இசையில் அது 35 சதவீதம். தொடக்கத்தில் சில நிலையங்கள் யாரும் விழித்திராத நேரங்களில் உள்நாட்டுப் பாடல்களைக் கொட்டித் தீர்த்துக் கணக்குக் காட்டின. நாட்டின் சின்னமான விலங்கின் பெயரால் அந்த நேரத்தைக் கேலியாக ‘பீவர் மணி’ என்றே அழைத்தார்கள். பின்னர், வார நாட்களில் காலை 6 முதல் மாலை 6 வரையிலும் அதே விகிதம் வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள்.

எது கனடியப் பாட்டு என்பதைத் தீர்மானிக்க ‘மேப்பிள்’ என்று ஒலிக்கும் நான்கெழுத்து முறை இருக்கிறது. ஒரு குறுந்தகட்டின் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தால், நான்காகக் கீறிய ஒரு சிறு வட்டத்தில் எம், ஏ, பி, எல் என்ற எழுத்துகள் தெரியும். தகுதி பெற்ற கால்வட்டம் கறுப்பாகவும் பெறாதது வெள்ளையாகவும் அச்சாகியிருக்கும்.

1. எம்: மெட்டமைத்தவர் முழுக்கக் கனடியர்.
2. ஏ: மெட்டையோ வரிகளையோ பிரதானமாக நிகழ்த்துபவர் கனடியர்.
3. பி: பதிவு முழுக்கக் கனடாவில் நடந்தது, அல்லது நிகழ்ச்சி முழுக்கக் கனடாவில் நடந்து நேரலையாக ஒலிபரப்பானது.
4. எல்: வரிகளை எழுதியவர் முழுக்கக் கனடியர்.

நான்கில் இரண்டு இருந்தால் போதும். எமிலி ஹெய்ன்ஸ் பிறந்தது புது டில்லியில். வளர்ந்தது ஒண்டாரியோ மாநிலத்துச் சிற்றூரான ஃபெனலன் ஃபால்ஸில். குழுவில் பாதிப்பேர் அமெரிக்கர்கள். ஆனாலும் பாடல்களை எழுதுவது பிரதானமாக ஹெய்ன்ஸும் ஷாவும் என்பதால் இந்த முறையில் சிக்கல் எழுவதில்லை. மாறாக, கனடா முழுவதும் அறிந்த பாடகர் பிரையன் ஆடம்ஸ், 1991இல் வெளிநாட்டுத் தயாரிப்பாளரோடு சேர்ந்து எழுதிய ஆல்பம் தகுதி பெறாமல் போய்ப் பெரும் சர்ச்சையானது. கூட்டாக எழுதியவற்றுக்கும் இடம் தரும்படி விதி பிறகு திருத்தப்பட்டது.

இரண்டாவது கருவி நிதி. 1982இல் தனியார் வானொலி நிறுவனங்களும் இசைத்துறை அமைப்புகளும் சேர்ந்து தொடங்கிய ஃபேக்டர் என்ற நிதியம், பதிவு, விளம்பரம், சுற்றுப்பயணம் ஆகியவற்றின் செலவில் ஒரு பகுதியை ஏற்கிறது. மத்திய அரசும் அதற்குப் பணம் தருகிறது. பிரெஞ்சு மொழி இசைக்கு மியூசிக்ஆக்ஷன் என்ற நிதியம் தனியே உண்டு.

மேலே போட்ட கணக்கின் மூன்றாவது வரியை மறுபடி பாருங்கள். செலவில் 60,000 டாலரை நிதியம் ஏற்றால், 10,000 பிரதிகளோடு நின்றுபோன ஆல்பத்தின் நட்டம் 1,05,000 டாலரிலிருந்து 45,000 டாலராகக் குறைகிறது. அது வலிக்கும், ஆனால் குழு கலைந்துபோக வேண்டியதில்லை. தோல்வியைத் தாங்கும் வேலையைப் பதிவு நிறுவனம் செய்தால் மாஸ்டரை விலையாகக் கேட்கும். நிதியம் செய்தால் கேட்பதில்லை. பொது நிதி பெறுபவர் சுயாதீனராக முடியுமா என்ற கேள்விக்கு வணிகப் பொருளில் விடை இதுவே: பணம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, பதிவு முடிந்த பின் மாஸ்டர் யார் பெயரில் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. யாருக்கு நிதி, எந்த அளவுகோலில் என்று தேர்வுக் குழுக்கள் தீர்மானிப்பதில் ரசனைச் சார்பு புகக்கூடும் என்ற விமர்சனம் தனி. அதில் பொருள் உண்டு.

## இசை இணையத்துக்கு நகர்ந்தபின்

‘ஃபேன்டசீஸ்’ வெற்றிக்குப் பின் ‘சிந்தெட்டிகா’ (2012) முதல் ‘ஃபார்மெண்டேரா’ (2022), அதன் இரண்டாம் பாகம் (2023) வரை, விநியோகத்துக்கு வெவ்வேறு நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்தாலும், சொந்த வெளியீட்டுப் பெயரைக் குழு விடவில்லை. ஆனால் 2009இல் கைகொடுத்த கணக்கு இன்று அப்படியே செல்லாது. ஒரு பிரதிக்கு டாலர்களில் வந்த வருவாய், ஒரு முறை கேட்பதற்கு ஒரு சென்டின் பின்னமாகச் சுருங்கியிருக்கிறது. மாஸ்டர் சொந்தமாக இருப்பதால் அந்தப் பின்னத்தின் பெரும்பகுதி குழுவுக்கு வரும். இருபதாண்டுப் பாடல்களைக் குவித்து வைத்திருப்பவருக்கு அது ஒரு வாடகை வருமானம்போல. முதல் ஆல்பத்தோடு நிற்பவருக்கோ அதைக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்தின் ஒரு நாள் வாடகைகூடக் கட்ட முடியாது.

கேட்போர் வானொலியை விட்டு இணையத்துக்கு நகர நகர, வானொலி வருவாயில் இருந்து நிதியங்களுக்கு வரும் பங்கும் மெலிகிறது. இந்த ஓட்டையை அடைக்கவே 2023 ஏப்ரலில் இணைய ஒலிபரப்புச் சட்டம் நிறைவேறியது. 5 சதவீத உத்தரவு அதன் தொடர்ச்சி. நிறுவனங்களின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கது இல்லை. வானொலி நிலையம் மாஸ்டர் உரிமையாளருக்குக் கொடுப்பது சொற்பம். நாங்களோ வருவாயின் பெரும்பகுதியை உரிமையாளர்களுக்கே கொடுத்துவிடுகிறோம், அதற்கு மேல் இன்னொரு வரியா என்று கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்கு முடியும்வரை அவர்கள் தொகையைச் செலுத்த வேண்டியதில்லை என்று நிறுத்திவைத்தது.

பணத்தைத் தவிர ஆணையத்தின் முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. வானொலிக்கென உருவான நான்கெழுத்து முறையை இணையச் சேவைகளுக்கு எப்படிப் பொருத்துவது என்பதுதான் அது. குறுந்தகட்டின் பின்னட்டையில் இருந்த அந்தச் சிறு வட்டத்துக்குக் கைபேசித் திரையில் இடமில்லை. ஒரு பாட்டின் மெட்டை அமைத்தவர் யார், வரிகளை எழுதியவர் யார், பதிவு எந்த ஊரில் நடந்தது என்ற விவரங்களை முதலில் யாராவது தட்டச்சு செய்து அந்தப் பாட்டின் கோப்போடு இணைத்தாக வேண்டும்.